புதுப் பல்லு டயர் போட்டிருக்கிறீர்களா? முதல் பத்து நாள் கவனம்

மழை தொடங்கினால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் டவுனுக்குப் போய் மோட்டார் சைக்கிளுக்குப் பல்லு டயர் மாற்றிக்கொண்டு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த டயர்தான். இதில் நாங்கள் பிழை சொல்லவில்லை. மேல் டிவிஷன் லயத்துக்குப் போகும் களிமண் ஏற்றத்தில் சாதாரண டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். ராத்திரியில் சுகமில்லாத ஒருவரைக் கீழே ரோட்டுக்குக் கொண்டுவர, பல வீடுகளில் இந்த பைக் ஒன்றுதான் வழி.

ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன மழைக்காலத்தில் எங்கள் டிவிஷன் தம்பி ஒருவர் சனிக்கிழமை காலையில் இரண்டு டயரையும் புதிதாக மாற்றினார். அன்றைக்குப் பின்னேரமே கிளினிக் போயிருந்த மனைவியை ஏற்றிக்கொண்டு திரும்பினார். லேசான தூறல். காபட் ரோட்டு வளைவில் பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போய் இரண்டு பேரும் விழுந்தார்கள். அவருக்குச் சிராய்ப்புதான். மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கொழுந்து பறிக்கிறவருக்குக் கை முறிந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வார்டில் பார்க்கப் போனபோது அந்தத் தம்பி எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "புது டயருங்க ஐயா. அது எப்படிங்க வழுக்கும்?"

நியாயமான கேள்வி. தேய்ந்த டயர் வழுக்கும், புது டயர் பிடிக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் புது டயர் முதல் சில நாட்களுக்குச் சரியாகப் பிடிக்காது.

டயரை இரும்பு அச்சில் வைத்துச் சூடேற்றித்தான் செய்கிறார்கள். அச்சில் ஒட்டாமல் வருவதற்கு வழுக்கும் பூச்சு பூசுவது உண்டு. அச்சும் மழமழவென்று இருப்பதால், வெளியே வரும் ரப்பரின் மேல் தோல் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். புது டயரின் மினுமினுப்பைப் பார்த்தாலே தெரியும். ரோட்டில் ஓடி ஓடி அந்த மேல் தோல் உரசிப் போன பிறகுதான் உள்ளே இருக்கும் ரப்பர் ரோட்டைப் பிடிக்கும். இதற்குச் சுமார் 160 கிலோமீற்றர், அதாவது 100 மைல் ஓட வேண்டும். லயத்திலிருந்து டவுனுக்குப் போய்வர 16 கிலோமீற்றர் என்றால் பத்து நாள் ஆகும்.

பல்லு டயருக்கு இன்னொரு குணமும் உண்டு. சேற்றில் அந்தக் கட்டைகள் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். தார் ரோட்டில் இறங்க இடமில்லை. கட்டைகளின் தலை மட்டும்தான் ரோட்டில் படும், நடுவில் உள்ள இடைவெளி எல்லாம் வெறும் காற்று. வளைவில் சாயும்போது கட்டைகள் வளைந்து கொடுக்கும், வண்டி நெளிகிற மாதிரி இருக்கும். ஈரத் தாரில் பிரேக் பிடித்தால் வழக்கத்தை விடத் தூரம் போய்த்தான் நிற்கும். மேல் லயத்து ஏற்றத்தில் ஜோராக ஏறிய அதே டயரை நம்பி, கீழே இறங்கி பஸ் ரோட்டில் அதே வேகத்தில் போவதுதான் ஆபத்து. ரப்பர் பழகின பிறகும் இந்த விஷயத்தை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது உருவம். பழைய டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும், உங்கள் கையும் அதற்கே பழகியிருக்கும். புதியது உருண்டையாக இருப்பதால் வளைவில் சட்டென்று சாயும். ஒரு டயரை மட்டும் மாற்றியவர்களுக்கு இது இன்னும் வித்தியாசமாகத் தெரியும். ஒன்றுதான் மாற்றினோம் என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

அப்படியானால் முதல் பத்து நாள் எப்படி ஓட்டுவது? மெதுவாக. இதை எல்லோரும் சொல்வார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம். முதல் இரண்டு மூன்று நாள் நேராக ஓட்டி, பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்துப் பழகுங்கள். வளைவுக்குள் போய்ப் பிரேக் பிடிக்காமல், வளைவு வருமுன்பே வேகத்தைக் குறையுங்கள். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஓட்டினால், நடுவோடு சேர்ந்து ஓரத்து ரப்பரும் பழகும். ஓரம் ரோட்டில் படாவிட்டால், ஆயிரம் கிலோமீற்றர் ஓடினாலும் அந்த ஓரம் புதிசு புதிசுதான். முன்னால் போகும் பஸ்ஸுக்கு வழக்கமாக விடும் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு விடுங்கள். முடிந்தவரை பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம், பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம். ஹெல்மட் ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி கட்டாயம். டவுன் எல்லையில் பொலிஸைக் கண்டால் போடுவதற்கு மட்டும் அல்ல அது.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறார்களே, அதைக் கண்டால் எங்களுக்கு வயிறு கலங்கும். எஞ்சின் ஓடி, சின்ன கியரில் இருந்தால் வண்டியின் வேகத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். நிறுத்திவிட்டால் பாரம் முழுவதும் பிரேக்குக்கும் புது டயருக்கும் போகிறது.

நாலைந்து நாள் வெயில் அடித்த பிறகு பெய்யும் முதல் தூறல் மிகவும் மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் நனைந்து கூழாகிவிடும். லொறி டீசல் சிந்திய வளைவு, பாசி பிடித்த கொங்கிரீட் பாதை, பாலத்து இரும்புத் தகடு, ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடு, கொழுந்து சிந்திய இடம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

டயர் மாற்றும் கடையிலும் கொஞ்சம் கண் வைக்க வேண்டும். டயர் பக்கத்தில் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால், அதன்படி போட்டார்களா என்று பாருங்கள். டியூப் டயராக இருந்தால் டியூப்பையும் புதிதாகப் போடுங்கள். இழுபட்ட பழைய டியூப் உள்ளே மடிந்து வெடிக்கும். டயரின் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது ரிம்மைச் சுற்றி ஒரே இடைவெளியில் இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் திரும்பக் கழற்றிப் போடச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம், காசு உங்களுடையது. டயரில் நாலு இலக்கம் அச்சடித்திருப்பார்கள். 1523 என்றால் 2023 இல் 15ஆவது வாரம் செய்தது. கடையில் வருஷக்கணக்காகக் கிடந்து காய்ந்த டயரை 'புதுசு' என்று வாங்கிவிடாதீர்கள். சில பல்லு டயர்கள் பந்தயத்துக்கு மட்டும் செய்தவை, பொது ரோட்டுக்கு ஆகாது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளம்புமுன் இரண்டு பிரேக்கையும் நாலைந்து தரம் அழுத்திப் பாருங்கள், சக்கரம் கழற்றிப் பூட்டிய பிறகு முதல் அழுத்தலில் பிரேக் பிடிக்காமல் போவது உண்டு. அச்சு நட்டு, சங்கிலித் தொய்வு இரண்டையும் அங்கேயே பார்த்துவிடுங்கள், ஒரு வாரம் ஓடிய பிறகு இன்னொரு தரம் பாருங்கள்.

மினுக்கத்துக்காக டயரில் எண்ணெய், பாலிஷ் எதுவும் தேய்க்கக் கூடாது. வழுவழுப்பைப் போக்கலாம் என்று பெட்ரோல் ஊற்றித் துடைப்பதும் ரப்பருக்குக் கேடு. சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் போதும்.

காற்று விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் பிழை விடுகிறார்கள். சேற்றில் நல்லாப் பிடிக்கட்டும் என்று காற்றை இறக்கிவிட்டு, அப்படியே டவுனுக்கும் போகிறார்கள். காற்றுக் குறைந்த டயர் தாரில் நெளியும், சூடேறும், ரிம்மில் நழுவினால் டியூப் வால்வு அறுந்துவிடும். உங்கள் வண்டிக்கு எத்தனை இறாத்தல் என்பது சங்கிலி மூடியிலோ அதன் பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். இரண்டு பேர் போவதற்குப் பின் டயருக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். தாள் கிழிந்திருந்தால் வண்டியின் புத்தகத்தில் பாருங்கள். டயர் சூடானால் அளவு கூடிக் காட்டும் என்பதால் ஓடுவதற்கு முன்பே அளக்க வேண்டும். எங்கள் அறையில் காற்று அளக்கும் கருவி ஒன்று வைத்திருக்கிறோம். காலையில் பெரட்டு முடிந்ததும் பைக்கை உருட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.