ரிப்போர்ட்ல ஐஜி பக்கத்துல 'ஹெச்' இருந்தா?

காய்ச்சல்னு போய் சிபிசி டெஸ்ட் குடுத்தா, டாக்டர் பார்க்கிறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட் வாட்ஸ்அப்புக்கு வந்துடுது. அதில் 'இம்மெச்சூர் கிரானுலோசைட்', அதாவது ஐஜி, 1.8 சதவீதம், பக்கத்தில் ஒரு 'ஹெச்'. இதை கூகுள்ல தேடினா ரெண்டாவது கிளிக்கிலேயே ரத்தப் புற்றுநோய்ல போய் நிற்பீங்க. அன்னிக்கு தூக்கம் போச்சு.

அந்த வரி என்னதான் சொல்லுது? கிருமி வந்தால் முதலில் ஓடும் வெள்ளை அணு நியூட்ரோபில். எலும்பு மஜ்ஜைக்குள் அது பல கட்டங்களாக வளருது. அதில் புரோமைலோசைட், மைலோசைட், மெட்டாமைலோசைட் என்ற மூன்று நடுக் கட்டங்களைத்தான் மெஷின் ஐஜி என்று எண்ணும். (எப்படிக் கண்டுபிடிக்குது? சாயம் ஏற்றி லேசர் அடிப்பாங்க. முதிராத அணுவில் ஆர்என்ஏ அதிகம், அதனால் கூடுதலா ஒளிரும்.) சாதாரணமா இவை ரத்தத்தில் 1 சதவீதத்துக்கும் கீழேதான், எல்லை லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். பாக்டீரியா தொற்று பலமா இருந்தால் மஜ்ஜை அவசரப்பட்டு, முழுசா வளராததையும் வெளியே அனுப்பிடும். டிகிரி முடிக்கிறதுக்குள்ள கம்பெனி நம்மளை இன்டர்ன்ஷிப்புக்கு இழுக்கிற மாதிரி. ஸ்டீராய்டு மாத்திரை, ஆபரேஷன், கர்ப்பம் இவற்றிலும் ஐஜி ஏறும்.

சதவீதத்தை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். மொத்த வெள்ளை அணு 12,000 என்றால் 1.8 சதவீதம் 216 அணு. மொத்தமே 3,000 என்றால் வெறும் 54. அதனால மேலே இருக்கிற மொத்த எண்ணிக்கையையும் சேர்த்துப் படிங்க.

அப்போ புற்றுநோய்? அங்கே முக்கியமா தேடுவது 'பிளாஸ்ட்'. அது ஐஜிக்கும் முந்தைய கட்டம்; ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தில் பொதுவா தென்படவே கூடாது. மெஷினுக்குச் சந்தேகம் வந்தால் ஸ்மியர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் ஆள் பார்ப்பார். 'பிளாஸ்ட்' என்று எழுதியிருந்தாலோ, மொத்த எண்ணிக்கை 50,000 தாண்டினாலோ அன்னிக்கே டாக்டரிடம் போங்க. ஐஜி ஏறி, கூடவே மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, குளிர் நடுக்கம் என்றால் விடியும்வரை காத்திருக்காதீங்க. அது ரத்தத்தில் பரவும் தொற்றாக இருக்கலாம், மணிக்கணக்கு முக்கியம்.

இன்னொண்ணு: 'ஹெச்' பார்த்ததும் ரூம்மேட் மிச்சம் வச்ச அசித்ரோமைசினை எடுத்துப் போடாதீங்க. ஐஜி எந்தக் கிருமின்னு சொல்லாது. காய்ச்சல் விட்டதும் டாக்டர் மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னா, பழைய ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துட்டுப் போங்க. எண் இறங்குதா ஏறுதான்னு அவர் பார்க்கணும்.