தொடர்பு என்னும் சொல்

தொடர்பு என்பது நம் முன்னோர் நட்புக்கு இட்ட பெயர்களுள் ஒன்று. திருக்குறளின் நட்பதிகாரத்தைப் பாடங்கேட்ட மாணவர் இதனை அறிவர். பண்புடையாரோடு பழகும் பழக்கத்தை வள்ளுவர் அச்சொல்லாலேயே சுட்டினார். 2020 ஆம் ஆண்டிலே கொவிட் என்னும் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது அச்சொல்லுக்குப் புதியதொரு பொருள் வந்து சேர்ந்தது. நோயாளி ஒருவரோடு ஒரே அறையிற் சிறிது நேரம் இருந்தவர் தொடர்பாளர் எனப்பட்டார். அவரைத் தேடிக் காணும் பணி தொடர்புத் தடமறிதல் எனப்பட்டது. அன்பின் பெயராயிருந்த சொல் அச்சத்தின் பெயராயிற்று.

இம்மாற்றத்தை நான் அகராதியிற் கற்றேனல்லேன். என் வீட்டுத் திண்ணையிலே கற்றேன். 2021 ஆம் ஆண்டிலே எனக்கு அந்நோய் கண்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலைக்கு வெளியே நின்று, "ஐயா, இந்த நாட்களில் யார் யாரோடு பழகினீர்கள்?" என்று வினவினார். பதினொரு பெயர்களைச் சொன்னேன். பன்னிரண்டாவது பெயரைச் சொல்லவில்லை. அது என் மாணவன் ஒருவனுடைய பெயர். பாடசாலைகள் மூடிக்கிடந்த அக்காலத்தில் அவன் மாலைதோறும் என் திண்ணைக்கு வந்து இலக்கணம் படித்தான். அவனுடைய தாய் நாட்கூலிக்குத் தோட்டவேலை செய்பவள். பதினான்கு நாள் வீட்டுக்குள் இருத்தப்பட்டால் அடுப்பெரியாது என்பதை நான் அறிவேன். ஆதலின் வாய் மூடியிருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அது பற்றிப் பின்னர்க் கூறுவேன். முதலில் அந்தப் பரிசோதகர் கேட்ட வினாவின் வரலாற்றை நோக்குவோம்.

பம்பும் பாதிரியாரும்

நோயைக் கணக்கெடுத்து அதன் முதலைக் காணும் முயற்சிக்கு எடுத்துக்காட்டாக அறிஞர் காட்டுவது, 1854 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சோகோ பகுதியிலே நிகழ்ந்ததொரு வரலாறாகும். ஓகஸ்ட் மாத இறுதியில் அங்கே வாந்திபேதி மூண்டது. சில கிழமைகளுள் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றினாலேயே அந்நோய் பரவுகின்றது என்று வைத்தியருட் பெரும்பாலார் கருதிய காலம் அது. ஜோன் ஸ்நோ என்னும் வைத்தியரோ நீரே காரணமென்று 1849 ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அவர் மரணப் பதிவுகளைப் பெற்று, இறந்தவர் வாழ்ந்த வீடுகளைத் தேடிச் சென்றார். அவற்றுட் பெரும்பாலானவை புரோட் வீதியிலிருந்த பம்பைச் சூழ்ந்திருந்தன.

ஆயினும் அவருக்கு உறுதி தந்தவை கணக்குக்கு அடங்காத சில செய்திகளே. அயலிலிருந்த அனாதரவாளர் இல்லத்தில் 535 பேர் இருந்தும் ஐவரே இறந்தனர். அவ்வில்லத்துக்குத் தனிக் கிணறு இருந்தது. மதுவடிசாலையின் தொழிலாளர் எழுபதுபேரும் தப்பினர். அவர்கள் அப்பம்பின் நீரைக் குடிப்பதில்லை. தொலைவிலே ஹம்ஸ்ரெட் என்னும் ஊரில் வாழ்ந்த ஒரு விதவை மட்டும் அந்நோயால் மாண்டாள். ஏனெனில் பழைய வீட்டுக்கருகிலிருந்த அப்பம்பின் நீருக்கு அவள் நாக்குப் பழகியிருந்தது. அந்நீரை நாள்தோறும் வண்டியில் வருவித்துக் குடித்துவந்தாள். இச்செய்தியைச் சொன்னவன் அவளுடைய மகன். அவன் சொல்லாதிருந்தால் அம்மரணம் விளங்காப் புதிராகவே இருந்திருக்கும்.

செப்டெம்பர் 8 ஆந் தேதி அப்பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்னரே சனங்கள் ஊரைவிட்டு ஓடியமையால் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். கதை அங்கே முடியவுமில்லை. ஹென்றி வைற்ஹெட் என்னும் இளம் பாதிரியார் ஸ்நோவின் கொள்கையை நம்பவில்லை. அதனைப் பொய்யென்று நிறுவவே வீடு வீடாகச் சென்றார். அவ்வீட்டார் பலரும் அவருடைய சபையைச் சேர்ந்தவர், அவரை அறிந்தவர். வைத்தியருக்குச் சொல்லாதவற்றை அவருக்குச் சொன்னார்கள். முடிவிலே, 40 ஆம் இலக்க வீட்டில் நோயுற்ற ஒரு பச்சிளங் குழந்தையின் துணிகளைக் கழுவிய நீர், பம்புக் கிணற்றருகே இருந்த மலக்குழியில் ஊற்றப்பட்டது என்பதை அவரே கண்டறிந்தார். மறுக்கப் போனவர் கொள்கைக்குச் சான்றாளராகித் திரும்பினார். ஸ்நோவிடம் எண் இருந்தது. வைற்ஹெட்டிடம் பழைய பொருளிலே தொடர்பு இருந்தது. இரண்டும் சேர்ந்தபோதே உண்மை வெளிப்பட்டது.

ஒரு பெயர் விடுபட்டால்

கொவிட் நோயிலே ஓர் இடர் உண்டு. நோயுற்றவர் அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னரே பிறருக்கு அதனைக் கொடுக்கவல்லவர். ஆகவே இருமல் வந்தபின் ஒதுங்கியிருத்தல் போதாது. அதற்கு முன் அவரோடு இருந்தவரைத் தேடிச் சொல்லவேண்டும், அதுவும் விரைந்து. ஒருவர் இருவருக்குக் கொடுப்பர், அவ்விருவரும் நால்வருக்குக் கொடுப்பர் எனக் கொண்டால், பத்தாம் படியிலே அத்தொகை 1,024 ஆகும். தொடக்கத்தில் மறைக்கப்படும் ஒரு பெயரின் விலை இதுவாகும்.

பெயரை மறைப்பவர் நோயாளி மாத்திரமல்லர், கணக்கேடும் மறைக்கும். 2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை இங்கிலாந்திலே 15,841 நோயாளரின் விவரங்கள் நாளாந்தக் கணக்கிற் சேராது விடுபட்டன. ஆய்வுகூடங்களின் முடிவுகளைத் தொகுத்த கணினிக் கோப்பு பழைய வகையினது. அதில் 65,536 வரிகளுக்குமேல் இடமில்லை. மேல்வந்தவை சத்தமின்றி வெளியே நின்றன. நோயாளர் தம் சோதனை முடிவைப் பெற்றனராயினும், அவரோடு பழகியவரைத் தேடும் பணி அந்நாட்களில் நிகழவில்லை. ஏட்டின் ஓரம் முடிந்த இடத்திலே மனிதரின் எண்ணிக்கையும் முடிந்துவிட்டது என்று எண்ணினாற் போன்றது இப்பிழை.

அச்சம் எழுதிய பொய்ப்பெயர்

தென்கொரியா 2015 ஆம் ஆண்டிலே மேர்ஸ் என்னும் நோயால் அடிபட்டது. 186 பேர் நோயுற்று, 38 பேர் இறந்தனர். அப்பட்டறிவினால், தொற்றுக் காலத்தில் நோயாளரின் தொலைபேசி இருப்பிடத்தையும் கடனட்டைச் செலவையும் அரசு ஆராய்வதற்குச் சட்டம் இடமளித்தது. ஆயினும் 2020 மே மாதத்திலே சட்டத்தின் எல்லை புலனாயிற்று. சியோல் நகரின் இதேவொன் பகுதியிலுள்ள இரவு விடுதிகளுக்குச் சென்ற ஓர் இளைஞருக்கு நோய் இருந்தமை வெளிப்பட்டது. விடுதிகளின் வருகைப் பதிவேடுகளைப் புரட்டியபோது அவற்றிற் பல பெயரும் எண்ணும் பொய்யாக இருந்தன. பட்டியலில் இருந்த ஐயாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்டோருள் ஏறக்குறைய 2,000 பேரைத் தொடர்புகொள்ள இயலவில்லை.

ஏன் பொய் எழுதினர்? அவ்விடுதிகளுட் சில ஒருபாலின விருப்புடையோர் கூடுமிடங்கள் எனச் செய்தித்தாள்கள் எழுதின. அந்நாட்டுச் சமூகம் அவர்களை இழித்துப் பேசும் இயல்புடையது. நோயாளர் சென்ற இடங்கள் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு வந்தமையால், நோயைச் சொன்னால் வேலையும் வீடும் இழப்போம் என்று அவர்கள் அஞ்சினர். இன்சியோன் நகரிலே தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒருவர் தமக்குத் தொழிலில்லை என்று பொய் கூறினார். அதனால் அவருடைய மாணவரும் மாணவரின் குடும்பத்தினரும் காலந்தாழ்த்தியே அறியப்பட்டனர். அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரை நான் எளிதிற் பழிக்கவில்லை. நானும் ஆசிரியன், நானும் ஒரு பெயரை மறைத்தவன்.

சியோல் நகர நிருவாகம் தண்டனையை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. பெயர் கேளாமல், தொலைபேசி எண்ணை மாத்திரம் பெற்றுக்கொண்டு சோதிக்கும் முறையைக் கொணர்ந்தது. சோதனைக்கு வருவோர் தொகை விரைந்து உயர்ந்தது. அச்சத்தை நீக்கியவிடத்து உண்மை தானாகவே வந்தது.

வாக்குத் தவறிய வரலாறு

தமிழையும் அரசமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரின் கதை வேறு வகையானது. 2020 மார்ச் 20 இல் அவ்வரசு ட்ரேஸ்டுகெதர் என்னும் செயலியை வெளியிட்டது. இரு கைத்தொலைபேசிகள் அணித்தாக வரும்போது அவை புளூடூத் அலைவழியே ஒன்றையொன்று அறிந்து குறித்துக்கொள்ளும். இடத்தைக் குறிப்பதில்லை, யார் யாருக்கு அருகில் இருந்தார் என்பதையே குறிக்கும். அக்குறிப்பு 25 நாட்களில் அழிந்துவிடும். தொலைபேசி இல்லாத முதியோருக்குக் கையிற் கொண்டு செல்லத்தக்க சிறு கருவி இலவசமாக வழங்கப்பட்டது. தொடர்பாளரைத் தேடும் காலம் நான்கு நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குக் குறைந்தது என்று அரசு கூறியது.

தொடக்கத்திற் சனங்கள் தயங்கினர். இத்தரவு நோயைத் தேடுவதற்கன்றி வேறொன்றுக்கும் பயன்படாது என்று பொறுப்பமைச்சர் உறுதி கூறினார். ஆண்டின் முடிவில் மக்களுள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் இணைந்தனர். பின்னர் 2021 ஜனவரி 4 இல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்ப் பொலிசார் அத்தரவைப் பெறலாம் என்பது பாராளுமன்றத்தில் வெளியாயிற்று. ஒரு கொலை வழக்கில் அது பயன்படுத்தப்பட்டமையும் தெரியவந்தது. உறுதி கூறிய அமைச்சர், அப்போது அச்சட்டத்தைத் தாம் எண்ணிப்பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். பெப்ரவரியிலே ஏழு வகைக் கொடுங்குற்றங்களுக்கன்றி அத்தரவைப் பயன்படுத்தலாகாது என்று புதிய சட்டம் நிறைவேறிற்று. 2023 பெப்ரவரியில் அவ்வமைப்பு நிறுத்தப்பட்டது; அக்கொலை வழக்குக்குரிய தரவு நீங்கலாக ஏனையவை அழிக்கப்பட்டன.

கொலையாளியைக் கண்டுபிடித்தல் தீதன்று. ஆனால் வினா அதுவன்று. ஒருவரிடம் ஒரு பொருளை ஒரு காரணங் கூறிப் பெற்று, வேறொரு காரணத்துக்குப் பயன்படுத்தலாமோ என்பதே வினா. குடியானவன் மெய் பேசவேண்டுமென்று கேட்கும் அரசு, தன் சொல்லையும் மெய்யாக்கும் கடப்பாடு உடையது.

இந்நோக்கில் நம் நாட்டையும் மறத்தலாகாது. 2020 ஏப்ரலில் கொவிட்டினால் இறந்தோரின் உடலைத் தகனஞ் செய்தல் இலங்கையிற் கட்டாயமாக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கஞ் செய்தலையும் ஏற்றிருந்தது. ஆயினும், அடக்கத்தைச் சமயக் கடனாகக் கொண்ட முஸ்லிம்களின் வேண்டுகோள் 2021 பெப்ரவரி வரை ஏற்கப்படவில்லை. இத்தகைய முடிவு எளியோரை அச்சத்தால் வைத்தியசாலைக்கு வராது தடுக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர் எச்சரித்தனர். பெற்ற குழந்தையின் உடலும் எரிக்கப்படும் என அஞ்சும் தாயிடம், நோயை மறையாதே என்று எவ்வாறு சொல்வது?

பன்னிரண்டாவது பெயர்

என் கதைக்கு மீள்வேன். உறக்கம் வராத அவ்விரவிலே, முப்பது ஆண்டு நான் கற்பித்த ஒரு குறளின் கருத்து எனக்குத் துணையாக வந்தது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் தானத்தைப் பெறும் என்பது அக்கருத்து. என் மௌனம் ஓர் ஏழைத் தாயின் கூலியைக் காத்தது; ஆகவே அது வாய்மையே என்று மனத்துக்குச் சமாதானங் கூறினேன். விடியுமுன் அந்த அடைமொழி என்னை உறுத்திற்று. குற்றமற்ற நன்மை! அவ்வீட்டிலே மூச்சுத்திணறல் உள்ள ஒரு பாட்டியும் இருந்தாள். கூலியைக் காத்து உயிரைப் பணயம் வைக்கும் நன்மை குற்றமற்றதாகுமோ? வள்ளுவர் திறந்துவிட்ட வாயில் மிக ஒடுங்கியது. அதனூடே நான் நுழைய இயலாது என்பதை உணர்ந்தேன்.

காலையிற் பரிசோதகரைத் தொலைபேசியில் அழைத்துப் பன்னிரண்டாவது பெயரைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "சொன்னது நல்லது, ஐயா" என்று மாத்திரம் கூறினார். சிறுவனுக்கு நோய் இருந்தது. அறிகுறி எதுவும் இருக்கவில்லை. பாட்டி அன்றே வேறு அறைக்கு மாற்றப்பட்டாள்; அவளுக்கு நோய் தொற்றவில்லை.

பல மாதங்களின் பின்னர் அத்தாயை வீதியிற் கண்டேன். "வாத்தியார், நீங்கள் சொன்னது சரிதான், அம்மா தப்பிவிட்டா. ஆனால் அந்தப் பதினாலு நாளும் எங்கள் படலையடிக்கு ஒருத்தரும் வரவில்லை. உலர் உணவுப் பொதி ஒன்பதாம் நாள்தான் வந்தது" என்றாள். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பெயரைச் சொல்லும் கடமையைச் செய்த நான், அதனோடு இணைந்த மற்றைக் கடமையை மறந்திருந்தேன். என் நோய் நீங்கிய பின்னரும் அவ்வீட்டுக்கு ஒரு கொத்து அரிசி அனுப்பவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு தொற்று இனி வாராது என்று எவரும் உறுதி கூறார். வரும்போது மீண்டும் பட்டியல்கள் எழுதப்படும். கணினிகள் நம்மினும் நன்றாக எண்ணும். ஆனால் பட்டியலில் எழுதப்படும் பெயருக்குரியவன் பட்டினி கிடவான், பழிக்கப்படான், அவன் சொன்னது பிறிதொன்றுக்குப் பயன்படாது என்னும் உறுதி இருந்தாலன்றி அப்பட்டியல் நிறைவு பெறாது. அவ்வுறுதியின் ஒரு பங்கை அரசு தரவேண்டும். மற்றைப் பங்கை அயலவராகிய நாமே தரவேண்டும். அவ்வாறு தருவோமாயின், தொடர்பு என்னும் சொல் தன் பழைய பொருளுக்கு மீளும்.