ஒபசனா, ஒபாசனா? வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜப்பானிய மொழி

எங்கள் ஊர் மல்லாங்கிணறு. என் அக்காள் மகள் நர்சிங் முடித்தவள். 2021-ல் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, முதியோரைக் கவனிக்கும் வேலைக்கு நம்மவர்கள் அங்கே போகலாம். ஆனால் மொழித் தேர்வில் தேற வேண்டும். அவளோடு சேர்ந்து நானும் வீட்டுக் கம்ப்யூட்டரில் படிக்க ஆரம்பித்தேன்.

பயப்படாதீர்கள். "வதஷி வ மிஸு ஒ நொமிமஸ்" என்றால் "நான் தண்ணீர் குடிக்கிறேன்". மிஸு தண்ணீர், அடுத்து வரும் ‘ஒ’ நம் ‘ஐ’ உருபு. வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில். இறுதியில் ‘க’ சேர்த்தால் கேள்வி. "தைஜோபு தெஸ் க?" என்றால் "ஒன்றும் இல்லையே, நன்றாக இருக்கிறீர்களா?" நர்சுக்கு இதைவிடத் தேவையான வாக்கியம் ஏது? சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டும் உறவு மொழிகள் என்றே எழுதினார். மொழியியலார் பலர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிக்கிற நமக்கு லாபம்தான்.

இன்னொரு லாபம் குறில், நெடில். ஒபசன் என்றால் அத்தை. ஒபாசன் என்றால் பாட்டி. ஆங்கில எழுத்தில் இந்த வித்தியாசம் பல நேரம் மறைந்துவிடும், தமிழில் மறையாது. ஆனால் தமிழிலேயே எழுதிப் படித்தால் வேறு சிக்கல். பல்கலைக்கழகத்தையும், படிப்பை விட்டு விலகுவதையும் ‘தைககு’ என்று ஒரே மாதிரிதான் எழுத முடியும்! அதனால் ஹிரகானா எழுத்துகளையே கற்றுவிடுங்கள். அடிப்படை எழுத்து 46-தான். 247 படித்த நமக்கு இது பெரிதா?

விண்டோஸில் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் ஜாப்பனீஸ் மொழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். எம், ஐ, இஸட், யு என்று அடித்தால் ஹிரகானாவில் ‘மிஸு’ வரும். மறுபடி ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அதுவே தண்ணீருக்கான சித்திர எழுத்தாகும். ‘கொன்னிசிவ’ (வணக்கம்) அடிக்கும்போது மட்டும் கவனம்: ‘என்’ கீயை மூன்று முறை தட்டவேண்டும், கடைசி ‘வ’வுக்கு ஹெச், ஏ.

பாடத்துக்கு ஜப்பான் பவுண்டேஷனின் ‘இரோதொரி’ புத்தகத்தை ஒலிக்கோப்புகளுடன் இலவசமாக டவுன்லோட் செய்யலாம். ஒரு தனி போல்டரில் போட்டுவைத்தால் இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் கேட்கலாம். கேட்டதை உடனே உரக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது காபி கொடுத்தால் "அரிகதோ" என்றுதான் பதில் வருகிறது.