நிதி கூட்டரசுடையது, பொறுப்பு மாநிலத்துடையது

அமெரிக்கக் கூட்டரசு, 1990ஆம் ஆண்டு சட்டத்தின்படி, ‘ஹோம்’ என்னும் வீடமைப்பு நிதியில் 40 விழுக்காட்டை மாநிலங்களுக்கும் எஞ்சியதை உள்ளூர் அரசாங்கங்களுக்கும் ஒதுக்குகிறது. மாநில வீடமைப்பு நிறுவனம் அதனைக் கட்டுமானத் தரப்பினருக்குக் கடனாகவோ மானியமாகவோ வழங்கும்.

வீடு எழும்பியதும் வேலை முடிந்துவிடாது. தலைவலியே அதற்குப் பிறகுதான். புதிதாகக் கட்டிய வாடகை வீடுகளில் 20 ஆண்டுகளுக்கு வாடகை உச்சவரம்பைத் தாண்டக்கூடாது. குடியிருப்போரின் வருமானமும் சரிபார்க்கப்பட வேண்டும். இடையில் விதிமுறை மீறப்பட்டால், பணத்தைக் கூட்டரசிடம் திருப்பிச் செலுத்துவது மாநிலத்தின் பொறுப்பு.

கெடு முடிந்தாலோ, வேறு ஒப்பந்தம் இல்லாத உரிமையாளர் வாடகையை உயர்த்தலாம். அங்கேயே முதுமையடைந்தவர் எங்கே போவார்? இதனால்தான் கலிஃபோர்னியா மாநிலம் 55 ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறது.