மறதி நோய் ஏன் வருகிறது?

ரமேசன் நாயர் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் வேலை பார்க்கிறார். முக்கியமான அலுவலகக் கோப்பு ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வருகிறார். அதை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறார். வைத்தது அவருக்கு நினைவில்லை.

இது 2005ஆம் ஆண்டு வந்த 'தன்மாத்ரா' என்ற மலையாளப் படத்தின் கதை. மோகன்லால் நடித்த படம். கதையில் அவருக்கு வந்தது அல்சைமர் என்னும் மறதி நோய்.

படம்தான் கதை. நோய் உண்மை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் இருக்கிறது. அதன் மருத்துவர்கள் அந்தப் பகுதி முதியவர்களை 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சிலருக்குப் புதிதாக இந்த நோய் வந்ததைக் கண்டார்கள். முடிவுகளை 2012இல் வெளியிட்டார்கள்.

இந்த நோயில் மூளைக்கு என்ன ஆகிறது?

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறிய அறை. அதற்குள் புரதங்கள் உருவாகின்றன. புரதம் முதலில் மணி கோத்த நூல் போல நீளமாக இருக்கும். பிறகு சரியான வடிவில் மடியும். சாவியின் வடிவம் சரியாக இருந்தால்தானே பூட்டு திறக்கும்? புரதமும் அப்படித்தான்.

சில சமயம் மடிப்பு தவறிவிடும். அப்போது உதவிப் புரதங்கள் வந்து சரியாக மடிக்க உதவும். அப்படியும் சரியாகவில்லை என்றால், அதன் மேல் ஓர் அடையாளம் ஒட்டப்படும். அடையாளம் உள்ளதைச் செல் துண்டு துண்டாக வெட்டிவிடும்.

வயது ஏற ஏற இந்தத் துப்புரவு வேலை தளர்கிறது. தவறாக மடிந்த புரதங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கட்டியாகிறது அல்லவா? அங்கும் புரதம் வடிவம் மாறித்தான் ஒட்டிக்கொள்கிறது. அல்சைமர் நோயில் மூளைச் செல்களுக்கு வெளியே திட்டுகளும், உள்ளே முடிச்சுகளும் சேர்கின்றன. செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. நினைவு போகிறது. அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1906இல் இதை எடுத்துச் சொன்னார்.

இதை முழுவதும் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. தைராய்டு குறைவாலும், வைட்டமின் பி12 குறைவாலும் மறதி வரலாம். அவற்றுக்கு மருந்து உண்டு. ஆகவே மறதி கூடினால், "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சீக்கிரம் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சாப்பிட்டதை மறந்து மீண்டும் சோறு கேட்கும் பெரியவரைத் திட்டாதீர்கள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. இது பேய் பிடித்ததும் அல்ல. மூளையில் வந்த நோய். நாளை அவர் நம் பெயரையும் மறக்கலாம். அப்போது நாமே நம் பெயரைச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவோம்.