தேவசகாயம்: ஏழாண்டு விசுவாசமும் அதன் விலையும்

தேவசகாயம் (1712–1752) திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அரசுப் பணி செய்தவர். கிறித்தவராக மாறிய ஏழாம் ஆண்டில், அந்த விசுவாசத்தை விட்டுவிட மறுத்ததால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் இவரைப் புனிதர் என்று அறிவித்தார். இந்தியாவிலிருந்து இந்நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் பொதுநிலையினர் இவரே. அதாவது, குருவும் அல்லர், துறவியும் அல்லர்; உத்தியோகம் பார்த்து மனைவியோடு குடும்பம் நடத்தியவர்.

இதைப் போடிநாயக்கனூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரிலிருந்து போடிமெட்டு ஏறி இறங்கினால் ஏலத்தோட்டங்கள். அந்த மலைகள் பின்னாளில் திருவிதாங்கூர் சீமைக்குள் இருந்தவை. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தெற்கே இருந்த தமிழ்ப் பகுதிகள் கன்னியாகுமரி மாவட்டமாக நம் பக்கம் வந்தன. தேவசகாயம் பிறந்த நட்டாலம் அப்படி வந்த ஊர்களில் ஒன்று.

யோபுவின் கதை

இவரது இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. நாயர் குடும்பத்தில் பிறந்து, பத்மநாபபுரத்தில் கோயில் பணியிலும் அரண்மனைப் பணியிலும் இருந்தார். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். மன்னர் அவரைத் தண்டிக்காமல் தம் படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பில் வைத்துக்கொண்டார். அரண்மனைத் தொடர்பால் நீலகண்ட பிள்ளைக்கும் இவருக்கும் பழக்கம் ஏற்பட்டது.

அந்த நாட்களில் நீலகண்ட பிள்ளையின் வீட்டில் மாடுகள் செத்தன, பயிர் பட்டுப்போயிற்று. என்ன பாவம் செய்தேனோ என்று அவர் கலங்கியபோது, டி லனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழி வரும் செய்தி. யோபு குற்றம் செய்யாதவர். ஆனாலும் மாடு, மனை, மக்கள் எல்லாம் போகின்றன. நீ ஏதோ தவறு செய்திருக்க வேண்டும் என்று நண்பர்களே குற்றம் சாட்டுகிறார்கள். அவர் ஒப்புக்கொள்வதில்லை, கடவுளோடு வாதாடுகிறார், ஆனால் கடவுளை விட்டுப் போவதில்லை. துன்பம் என்றால் தண்டனை என்று நம்பிவந்த ஒருவருக்கு இது எவ்வளவு புதிதாக இருந்திருக்கும்! பிற்பாடு தமக்கு வந்த துன்பத்தை அவர் தாங்கிய விதத்துக்கும் இந்தக் கதையே அடித்தளம் என்று நான் நினைக்கிறேன்.

1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புட்டாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற விவிலியப் பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயரிட்டார்கள். மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் ஞானப்பூ ஆனார்.

பகை எதனால் வந்தது

1749-இல் கைது செய்யப்பட்டார். மூன்றாண்டுக் காலம் காவலில் இருந்தார். எருக்கம்பூ மாலை போட்டு, எருமையின்மேல் பின்புறம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்துக் காயத்தில் மிளகாய்ப் பொடி தடவினார்கள் என்று மரபு கூறுகிறது. வலியைக் காட்டிலும், ஊரார் சிரிக்க வேண்டும் என்பதே இந்தத் தண்டனையின் நோக்கம். நேற்று வரை கைகட்டி நின்றவர்கள் இன்று கைகொட்டிச் சிரிப்பதை எருமை முதுகில் இருந்து பார்க்க வேண்டும். கடைசியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் கொண்டுபோய், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டார்கள். உடல் எச்சங்கள் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டன.

மதம் மாறியதற்காகக் கொல்லவில்லை, அரசுக்கு எதிரான குற்றத்துக்காகத் தண்டித்தார்கள் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. டி லனாய் கத்தோலிக்கராகவே இருந்து அதே அரசில் உயர் பதவி வகித்தார் என்பது அவர்களுக்குச் சாதகமான செய்தி. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் டி லனாய் வெளிநாட்டவர். அவர் யாரோடு உட்கார்ந்து உண்டாலும் இங்குள்ள சாதி அடுக்கு அசையாது. தேவசகாயம் உள்ளூர்ச் சமூகத்தின் மேல்தட்டு மனிதர். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் சமம் என்று வற்புறுத்தி, தாழ்ந்தவர் எனப்பட்டவர்களோடு பழகினார் என்று புனிதர் பட்டத்துக்கான குறிப்புகளும் சொல்கின்றன. அவர் மேல் எழுந்த கோபத்தில் மதம் எவ்வளவு, சாதி எவ்வளவு என்று பிரித்து அளக்க முடியாது என்பதே என் கருத்து. கொச்சி ஆயர் 1756-இல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையிலேயே இவரது மரணம் இடம்பெற்றுவிட்டது.

பெயரின் கடைசிப் பகுதி

2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் என அறிவிக்கப்பட்டபோது இவர் 'தேவசகாயம் பிள்ளை'. சாதியை விட்டவருக்குச் சாதிப் பெயர் எதற்கு என்று கோரிக்கை எழுந்தது. உரோமை அதை ஏற்றது. புனிதர் பட்டியலில் 'பிள்ளை' இல்லை.

பெயரில் நீக்குவது எளிது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு கூடங்கள். ஒரு சாதியார் இங்கே, மற்றவர் அங்கே. மேலிருந்து பார்த்தால் காற்சட்டை போலத் தெரியும். இடையில் நின்ற சுவர் 1910-இல்தான் இடிந்தது. ஆகவே, விசுவாசத்தில் நிலைத்திருப்பவருக்கு எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வந்தது என்று எழுதினால் அது பாதி வரலாறு.

பதிவேட்டில் ஒரு கட்டம்

இன்று எருமை இல்லை, துப்பாக்கி இல்லை; விலை வேறு வகையில் இருக்கிறது. 1950-இன் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். தனித் தொகுதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஆகியவை கிடையா. 1985-இல் சூசை என்பவரின் வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் அவ்வாறே தீர்மானம் போட்டது.

நான் வேலை பார்த்த காலத்தில் ஜூன் மாதச் சேர்க்கையின்போது இது என் மேசைக்கு வரும். ஏலக்காட்டு வேலைக்கு விடியற்காலை ஜீப் ஏறும் ஒரு தாய், மகனைச் சேர்க்க வந்தார். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. கையில் இந்து என்று எழுதிய சான்றிதழ். நான் கயிற்றைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"அதுல இருக்கறதையே எழுதிக்கிருங்க சார். கூப்பிடுறப்ப மட்டும் கோயில்ல வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. இல்லைன்னா அவன் திரும்ப மாட்டான்."

சான்றிதழில் இருந்ததையே எழுதினேன். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரும் வகுப்பில் ஒரு பெயருமாக அந்தப் பையன் ஐந்தாண்டு படித்தான்.