பெயரில் அடங்கியுள்ள உரிமை

ஒரு வாகனத்தின் குறைபாட்டைச் சரிசெய்ய முன்வரும் நிறுவனம், அப்பணிக்கு என்ன பெயர் சூட்டுகிறது என்பது வெறும் சொல் விவகாரமன்று. வாகன உரிமையாளரின் பாதுகாப்பு அதில் அடங்கியிருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் ஓலா மின்சார ஸ்கூட்டர்களில் முன்பக்க ஃபோர்க் உடைவதாகப் புகார்கள் எழுந்தன. அச்சம் ஆதாரமற்றது என்று 2023 மார்ச்சில் மறுத்த அந்நிறுவனம், பாகத்தின் வடிவமைப்பை மேம்படுத்தியிருப்பதாகவும், விரும்புவோர் கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தது. இது 'திரும்பப் பெறுதல்' அல்ல என்றும் விளக்கியது. இலவச மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆனால், முன்சக்கரத்தைத் தாங்கி, பிரேக் பிடிக்கும்போது வண்டியின் சுமையை ஏற்கும் பாகம் அது. ஓடும் வண்டியில் அது முறிந்தால், ஓட்டுபவர் சுதாரித்துக்கொள்ள நேரமிராது. அத்தகைய பாகத்தை விருப்பத்தின்பேரில் மாற்றுவதும், கட்டாயம் மாற்றுவதும் ஒன்றல்ல.

வாகன உற்பத்தியாளர்கள் சங்கம் 2012-இல் தானாக வகுத்துக்கொண்ட நெறிமுறைதான் நம் நாட்டில் தொடக்கம். 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கியது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு அவை பொருந்தும், அபராதம் ரூ.1 கோடி வரை செல்லும். விற்பனையான எண்ணிக்கைக்கு ஏற்ப, குறிப்பிட்ட அளவு புகார்கள் பதிவாவது அரசின் நடவடிக்கைக்கு முக்கிய அடிப்படை.

இங்குதான் சிக்கல். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை பழுதடையும் என்பதைப் பழைய கார்களைக் கொண்டு 1970-இல் விளக்கினார் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப். எங்கள் செஞ்சியில் நான் காண்பதும் அதுவே. திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் விரையும் இரு சக்கர வாகனங்கள் பலவும் கைமாறி வந்தவை. நிறுவனத்தின் குறுஞ்செய்தி முதல் உரிமையாளரின் கைப்பேசியோடு நின்றுவிடுகிறது. செய்தி எட்டினாலும், சேவை மையத்துக்காக வேறு ஊர் சென்றால் ஒருநாள் கூலி போகிறது. எனவே, உள்ளூர் மெக்கானிக்கிடம் வெல்டிங் வைத்து ஓட்டுகிறார்கள். சட்டமோ புகார்களை எண்ணுகிறது. மெக்கானிக் கடையில் முடிந்துபோன பழுது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஜெர்மனியில் வாகனப் பதிவேட்டைப் பராமரிக்கும் அரசு அமைப்பின் உதவியோடு, திரும்பப் பெறும் அறிவிப்பு இன்றைய உரிமையாளருக்கே கடிதமாகச் செல்கிறது. கடுமையான குறைபாட்டைச் சரிசெய்யாத வாகனம் சாலையில் ஓடத் தடை விதிக்கவும் இயலும். நம்மிடமும் 'வாகன்' தரவுத்தளம் இருக்கிறது. பெயர் மாற்றத்தின்போதும் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதும் நிலுவையிலுள்ள பாதுகாப்புப் பழுதை உரிமையாளருக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கலாம். 'மேம்பாடு' என்ற பெயரில் நடக்கும் பாதுகாப்புப் பணிகளையும் அதில் பதிவு செய்ய வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணைக் கூறி, நிலுவையில் ஏதேனும் திருத்தப் பணி உள்ளதா என்று சேவை மையத்தில் கேட்கலாம். உடைந்த பாகத்தைப் புகைப்படம் எடுத்துப் பத்திரப்படுத்தலாம். பழுது நீக்கியதற்கு எழுத்துபூர்வமான சான்று பெறலாம். மறுக்கப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரளிக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம்.

ஒவ்வொரு புகாரும் ஒருவரின் குறையை மட்டும் தீர்ப்பதில்லை. அதே வண்டியில் நாளை பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் முகமறியாத ஒருவரையும் அது காக்கிறது.